டெவான் தெருவில் ஒரு சனிக்கிழமை

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

குழந்தைகளின் கோலாட்டம் முடிந்துவிட்டது. பின்கட்டிலிருந்து சாம்பாரின் மணமும் வரத் தொடங்கிவிட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே பேச நிறுத்தப்படுவோரின் நிலை இரங்கத்தக்கது. ஆகையால் அமெரிக்க நாட்டைப் பற்றியெல்லாம் விரித்துரைக்கப் போவதில்லை. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, பார்சல் அலுவலகத்தில் ரசீதுக் கட்டுகளோடு காலம் கழிக்கும் எங்களுக்கு அதற்குரிய தகுதியும் இல்லை. சென்ற ஆண்டுக் கோடையில் சிகாகோ நகரின் ஒரே ஒரு தெருவில் ஒரு பகற்பொழுது நடந்தோம். அதைச் சொல்கிறோம். நம் சங்கத்தின் முன் இப்போதுள்ள ஒரு விஷயத்தோடு அதற்குத் தொடர்பு உண்டென்று எங்களுக்குத் தோன்றுவதால், அதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எங்கள் மைத்துனர், அதாவது வீட்டிலுள்ளவரின் இளைய சகோதரர், சிகாகோவுக்கு மேற்கே ஏறத்தாழ 28 மைல் தொலைவிலுள்ள நேப்பர்வில் என்னும் ஊரில் கம்ப்யூட்டர்த் தொழில் புரிகிறார். அவருடைய இளைய பெண்ணுக்குக் காது குத்து என்று அழைப்பு அனுப்பி, பயணச்சீட்டும் அவரே எடுத்துத் தந்தார். அனுமதி, விசா, விமானம் ஆகியவற்றின் கதையை விட்டுவிடுவோம். அரோராவிலுள்ள வேங்கடேசுவரப் பெருமாள் கோயிலில் விழா இனிதே நடந்தேறியது. அதற்கு அடுத்த சனிக்கிழமை டெவான் தெருவுக்குப் போகவேண்டும் என்றோம். மைத்துனர் வியப்புற்றார்.

"டெவானுக்கா, அத்தான்? அங்கே கார் நிறுத்த இடம் தேடியே பாதிப் பொழுது போய்விடும். பட்டேல் கடை இங்கேயே பத்து நிமிஷத்தில் இருக்கிறதே! நாங்கள் அங்கே போய் நான்கு வருஷம் ஆகிறது" என்றார்.

"கடைக்குப் போகவில்லையடா, தெருவைப் பார்க்கப் போகிறோம்" என்றார் அவருடைய தமக்கையார். அதற்குமேல் பேச்சில்லை. அன்றைக்குக் குழந்தைகளுக்கு நீச்சலும் நாட்டியமும் இருந்தபடியால், எங்களை ரயிலேற்றி விட்டுவிட்டு அவர் திரும்பினார்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நம் காலனியில் எங்களுக்கு மதிப்பிராது. நேப்பர்விலிலிருந்து சிகாகோ யூனியன் ஸ்டேஷனுக்குச் செல்லும் அந்த வண்டியின் பெட்டிகள் இரட்டை மாடி கொண்டவை. மேல்மாடியின் நடுப்பகுதி திறந்திருக்கிறது. பயணச்சீட்டு பார்ப்பவர் கீழ்த்தளத்து நடைபாதையிலே நடந்தபடி, இருபுறமும் மேலே அமர்ந்திருப்போரின் சீட்டுகளையும் அண்ணாந்தே பார்த்துவிடுகிறார். படியேறும் வேலை அவருக்கு இல்லை. இந்த ஏற்பாட்டைக் கண்டு பத்து நிமிஷம் மெய்ம்மறந்திருந்தோம்.

சிகாகோவில் இறங்கிச் சிறிது தூரம் நடந்து, வடக்கே செல்லும் நகர ரயிலைப் பிடித்தோம். நகரின் நடுவே நிலத்தடியில் ஓடி, பிறகு தூண்களின்மேல் ஏறிக்கொள்ளும் இவ்வண்டியை அவ்வூரார் 'எல்' என்று ஒற்றை எழுத்தால் அழைக்கின்றனர். பெர்வின், பிரின் மார் என்று நிலையங்கள் வந்தன. இப்பெயர்களுக்குப் பின்னே ரயில்வேக் கதை ஒன்று இருக்கிறது. 1880-களில் ஜான் லூயிஸ் காக்ரன் என்பவர் நகரின் வடபகுதியிலே எட்ஜ்வாட்டர் என்னும் இடத்தை மனைகளாகப் பிரித்து விற்றார். தெருக்களுக்கு மதிப்பான பெயர் வேண்டுமே! பிலடெல்பியா நகரை அடுத்த பென்சில்வேனியா ரயில்வேயின் முதன்மைப் பாதையிலிருந்த ஸ்டேஷன்களின் பெயர்களையே எடுத்து இட்டுவிட்டார். பெர்வின், பிரின் மார், ஆர்ட்மோர், ரோஸ்மான்ட் எல்லாம் அங்குள்ள ஸ்டேஷன்கள். அதற்குமுன் சர்ச் தெரு எனப்பட்டது, அவ்வாறே டெவான் ஆயிற்று. ஆக, நாங்கள் காணச் சென்ற தெருவுக்குப் பெயர் கொடுத்ததே ஒரு ரயில் நிலையம்!

இன்னொன்று. அந்நகரில் ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் கூடும் சந்திப்பே சுழி. அங்கிருந்து ஒரு மைலுக்கு 800 என்ற கணக்கில் வீட்டு எண்கள் ஏறிச் செல்கின்றன. 1909-இல் வந்த முறை இது. டெவான் தெரு வடக்கே 6400. அதாவது சந்திப்பிலிருந்து சரியாக எட்டு மைல். இருப்புப்பாதை ஓரத்துக் கற்களைப் பார்த்தே தொலைவு சொல்லிப் பழகிய நமக்கு இது எவ்வளவு இதமாக இருக்கிறது, பாருங்கள்.

லயோலா ஸ்டேஷனில் இறங்கி (லயோலா என்றதும் எங்களுக்கு நுங்கம்பாக்கம் நினைவு வந்தது, இதுவும் ஏசு சபையாரின் கல்விச்சாலையை ஒட்டிய இடந்தான்) மேற்கே செல்லும் 155-ஆம் எண் பஸ்ஸில் ஏறினோம். சற்று நேரம் சாதாரண அமெரிக்கத் தெருவாகவே இருந்தது. வெஸ்டர்ன் சாலையை நெருங்கும்போது பார்வை மாறிற்று. கண்ணாடிக்குப் பின்னே பட்டுப் புடவைகள். கல் பதித்த பாவாடை தாவணி அணிந்து நிற்கும் பொம்மைகள். தங்க நகைக் கடைகள். ஜிலேபி அடுக்கிய தட்டுகள். ஹலால் இறைச்சிக் கடைகள். பணம் அனுப்பும் கடை, விமானச் சீட்டுக் கடை, முடிதிருத்தகம். உருதுவும் இந்தியும் குஜராத்தியும் வங்காளமும் பலகைகளில் தெரிந்தன. இது மேற்கே ஏறத்தாழ ஒரு மைல் தூரம் செல்கிறது.

விளக்குக் கம்பங்களில் பச்சைப் பலகையிலே தெருவின் முறையான பெயரும், அதனடியில் பழுப்புப் பலகையிலே கௌரவப் பெயரும் இருக்கும். ஒரு பகுதி காந்தி மார்க்கம். இன்னொரு பகுதி முகம்மது அலி ஜின்னா வழி. வேறொன்று இஸ்ரேலின் பிரதமராயிருந்த கோல்டா மேயர் அம்மையாரின் பெயரால் அமைந்தது. வங்கதேசத்து முஜிபுர் ரகுமான் பெயரும் ஒரு பகுதிக்கு இடப்பட்டதுண்டு. ஆகஸ்டு மாதத்தில் இந்தியர்களின் சுதந்திர ஊர்வலமும் பாகிஸ்தானியர்களின் சுதந்திர ஊர்வலமும் இதே தெருவில்தான் செல்கின்றனவாம். அங்கே வாகா எல்லையைப் போல வாயிற்கதவு ஏதும் இல்லை. காந்தி மார்க்கத்தில் வெற்றிலை வாங்கியவர் மென்று முடிப்பதற்குள் ஜின்னா வழியை அடைந்துவிடலாம்.

இத்தெரு எப்படி உண்டாயிற்று? இதைப் பெரும்பாலும் மைத்துனர் வாயிலாகவும், பின்னர் நூலகத்தில் படித்தும் அறிந்தோம். 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு நூறு பேர் மட்டுமே அமெரிக்காவில் குடியேறலாம் என்றிருந்தது. நாடு முழுவதற்கும் நூறு பேர்! நம் பிளாட்பாரத்தில் ஒரு வண்டிக்குக் காத்திருப்போரின் தொகைகூட அதைவிட அதிகம். 1965 அக்டோபர் 3-ஆம் நாள் ஜனாதிபதி ஜான்சன், நியூயார்க்கிலுள்ள சுதந்திர தேவி சிலையின் அடியில் அமர்ந்து புதிய குடியேற்றச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன்படி ஒரு நாட்டுக்கு ஆண்டுதோறும் 20,000 பேர் வரை இடம் கிடைத்தது. 1968 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. முதலில் மருத்துவர்களும் எஞ்சினீயர்களும் சென்றார்கள். உடன்பிறந்தாரை அழைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் கொடுத்தமையால், பின்னர் அவர்களுடைய தம்பிகளும் தங்கைகளும் சென்றார்கள். அப்படிச் சென்றோரில் பலர் கடை வைத்தார்கள், டாக்சி ஓட்டினார்கள். படித்த அண்ணனுக்குப் பருப்பு வேண்டியிருந்தது. தம்பி அதை விற்றார் என்று சுருக்கமாகச் சொல்லலாம். குஜராத்திலிருந்து வந்த மபத் பட்டேல், துளசி பட்டேல் என்னும் சகோதரர்கள் 1974-இல் டெவான் தெருவில் தம் முதல் மளிகைக்கடையைத் திறந்தனர். இன்று அவர்கள் கடை அமெரிக்காவின் பல மாநிலங்களில் கிளை பரப்பியிருக்கிறது. எங்கள் மைத்துனர் சொன்ன, வீட்டிலிருந்து பத்து நிமிஷக் கடையும் அக்கிளைகளில் ஒன்றே.

அக்காலத்தில் அத்தெருவில் ஒரு விசித்திர வியாபாரமும் நடந்தது. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம் நாட்டில் 230. ஊருக்குத் திரும்புவோர் உறவினர்க்கு வாங்கிச் செல்வதற்கென்றே, நம் மின்சாரத்தில் ஓடும் டெலிவிஷனும் மிக்ஸியும் விற்கும் கடைகள் அங்கே இருந்தன. சிகாகோ நகரில் வாங்கி, சிகாகோ நகரில் ஓடாத பொருள்! 1991-க்குப் பிறகு நம் ஊரிலேயே எல்லாம் கிடைக்கத் தொடங்கியதும் அவ்வியாபாரத்துக்குத் தேவை குறைந்து போயிற்று.

பெண்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்க நகைக்கடைகளில் பதினான்கு காரட் தங்கமே பெருவழக்கு. டெவானில் 22 காரட் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் உள்ளவர் விலை கேட்டார், கேட்டதோடு நின்றார். கறிவேப்பிலைக் கதை இன்னும் சுவையானது. எலுமிச்சை, ஆரஞ்சு இனங்களைப் பாழாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழுமாம். ஆகவே அயல்நாட்டிலிருந்து பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக அனுமதி இல்லை. நாம் கொசுறாகக் கேட்டு வாங்கும் பொருளை அங்கே சிறு பையிலிட்டு விலையொட்டி விற்கிறார்கள். நம் மாம்பழத்துக்கும் பல்லாண்டு தடை இருந்து, கதிர்வீச்சால் பூச்சி நீக்கி அனுப்பும் முறையில் 2007-இல்தான் மீண்டும் வழி திறந்தது.

தமிழ் எங்கே என்று கேட்பீர்கள். தெருப் பலகைகளில் எங்கள் கண்ணுக்குத் தமிழ் எழுத்து அகப்படவில்லை. கடைக்குள்ளே, இட்லி அரிசி மூட்டையிலும் அப்பளக் கட்டிலும் முறுக்குப் பொட்டலத்திலும் கண்டோம். ஆனால் எங்கள் வங்காளத்துக்கு அங்கே நல்ல மதிப்பு! வங்கதேசத்தார் ஒருவரின் மளிகைக் கடையில் வீட்டிலுள்ளவர் தம்மையறியாமல் கோல் பஜாரில் பேசுவது போலவே வங்காளத்தில் விலை கேட்டுவிட்டார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "தீதி, உங்கள் வீடு எங்கே?" என்றார். மேதினிபூர் ஜில்லா, கரக்பூர் என்றோம். முகம் மலர்ந்துவிட்டது. தேநீர் வந்தது. தமிழர் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. அவருக்காகத் தமிழில் நான்கு வார்த்தை பேசிக் காட்ட வேண்டியதாயிற்று.

வியாபாரம் எப்படி என்று வினவினோம். கலியாணத் துணிக்கும் நகைக்கும் வெளி மாநிலங்களிலிருந்து கூடக் காரில் வருகிறார்கள், தாதா. ஆண்டுக்கு ஒரு முறை வருவார்கள், நிறைய வாங்குவார்கள், போய்விடுவார்கள் என்றார். பிறகு வாசலைக் காட்டி, "எங்களுக்குச் சோறு போடுபவர்கள் அதோ நடந்து வருகிறவர்கள்" என்றார். கையில் பையோடு இரு பெண்களும் மூன்று சிறுவர்களும் உள்ளே வந்தனர். பர்மாவிலிருந்து அகதிகளாக வந்த ரோகிங்கியா மக்கள். அத்தெருவிலேயே 2016-இல் அவர்களுக்கென ஒரு பண்பாட்டு மையம் தொடங்கப்பட்டிருக்கிறது. குழந்தைகளுக்கு அங்கே பாடம் சொல்லித் தருகிறார்கள். காரில்லாதவர்கள், வாரம் முழுதும் இரண்டு ராத்தல் நான்கு ராத்தலாக வாங்குபவர்கள்.

தேநீரைப் பருகிவிட்டு மேற்கே நடந்தபோதுதான் எங்கள் மனத்தை விட்டகலாத காட்சியைக் கண்டோம். கறுப்புத் தொப்பியும் கறுப்பு அங்கியும் அணிந்த ஆடவர்கள், குழந்தை வண்டியைத் தள்ளிவரும் பெண்கள், அவர்கள் பின்னே ஐந்தாறு குழந்தைகள். குடும்பம் குடும்பமாக நடந்து சென்றனர். ஒருவரும் கடைப்பக்கம் திரும்பவில்லை. அவர்கள் யூதர்கள், அன்று சனிக்கிழமை, அவர்களுடைய ஓய்வு நாள்.

டெவான் தெரு எடுத்த எடுப்பிலேயே நம்மவர் தெருவாக இருந்ததில்லை. நம்மவர் வருவதற்கு முன் அது யூதர்களின் கடைத்தெரு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரின் மேற்குப் பகுதிகளிலிருந்து யூதக் குடும்பங்கள் ஏராளமாக இவ்விடம் வந்து குடியேறின. பிறகு அவர்களுடைய பிள்ளைகள் முன்னேறி, ஸ்கோக்கி முதலிய புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். கடைகள் காலியாயின. அந்தக் காலியான கடைகளில்தான் புடவையும் பருப்பும் வந்து அமர்ந்தன. இன்று நம்மவரின் பிள்ளைகளும் நேப்பர்வில், ஷாம்பர்க் என்று பெயர்ந்துவிட்டார்கள். கடைகளும் அவர்களைத் தேடிப் போய்விட்டன. எங்கள் மைத்துனரை நான்கு ஆண்டாக டெவான் காணாததற்குக் காரணம் இதுவே. அவர்மீது குறை சொல்ல மாட்டோம். பத்து நிமிஷத்தில் கிடைப்பதற்கு ஒன்றரை மணி நேரம் யார் செல்வார்?

எல்லா யூதர்களும் ஏன் பெயரவில்லை என்பதே நாங்கள் ஆராய்ந்த கேள்வி. விடை எளியது. ஆசாரம் வழுவாத யூதர் ஓய்வு நாளில் வாகனம் ஏறலாகாது. தொழுகைக் கூடத்துக்கு நடந்தே போகவேண்டும். ஆகையால் கூடத்திலிருந்து நடக்கும் தொலைவிலேயே குடியிருக்க வேண்டும். பள்ளிக்கூடமும் அருகிலேயே வேண்டும். காரேறிச் செல்லக்கூடியவர்கள் தெருவை விட்டுப் போனார்கள். நடந்து செல்ல வேண்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் இருந்தமையால் கூடமும் இருந்தது. அவர்களுடைய பழைய கடைகள் எத்தனையோ கைமாறிவிட்டன. அந்த நடை மட்டும் கைமாறவில்லை.

நம் தமிழர்க்கு அங்கே தெரு அமையவில்லை. சிகாகோ தமிழ்ச் சங்கம் 1969-இல் தோன்றியது. 2019-இல் தன் ஐம்பதாம் ஆண்டில் பத்தாம் உலகத் தமிழ் மாநாட்டை நடத்துவதிலும் பங்குகொண்டு பெருமை பெற்றது. கோயில்கள் இருக்கின்றன, வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. எங்கள் மைத்துனரின் மூத்த பெண் அப்படியொரு பள்ளியில் படிக்கிறாள். அழகாகப் படிக்கிறாள், எங்கள் கடிதத்தைப் பிழையின்றி வாசித்துக் காட்டினாள். ஆனால் ஒவ்வொரு வாரமும் தகப்பனார் நாற்பது நிமிஷம் காரோட்டினால்தான் பாடம். அவருக்குக் காய்ச்சல் என்றால் தமிழுக்கும் அன்று காய்ச்சல். அப்படியிருந்தும் அவ்வூர்த் தமிழர்கள் விடாது நடத்துகிறார்களே, அவர்களுடைய ஊக்கத்தைப் போற்றவேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். கோல் பஜாரிலிருந்த தமிழர் மளிகைக்கடை மூடிக்கிடப்பதை யாவரும் அறிவீர்கள். சென்னை மெயிலில் காப்பித்தூளும் அப்பளமும் பஞ்சாங்கமும் கூடை கூடையாக வந்திறங்கிய காலத்தில், அந்த ரசீதுகளை எழுதியவர்கள் நாங்கள். பெரியவர் தள்ளாமையால் பெங்களூரில் மகனிடம் போய்விட்டார். இன்று காப்பித்தூள் போனில் கேட்டால் வீட்டு வாசலுக்கே வருகிறது. இதற்காக அழ வேண்டியதில்லை. டெவானும் அவ்வாறே பல முறை கைமாறியது.

ஆனால் அடுத்த மாதப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைப் போன் திரைக்கு மாற்றிவிட்டு, வகுப்பறைச் சுவரை இடித்து மண்டபத்தோடு சேர்த்து, விசேஷங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அது. பொருளாளர் காட்டும் காரணத்தை அலட்சியம் செய்ய முடியாது. கூரை ஒழுகுகிறது, பழுதுபார்க்கப் பணம் இல்லை. குவார்ட்டர்ஸை விட்டுப் புதிய அடுக்குமாடிகளுக்குப் போன குடும்பத்தார் இவ்வளவு தூரம் குழந்தைகளை அழைத்துவர இயலவில்லை என்கிறார்கள். அதுவும் உண்மை. அவர்களுக்குத் திரைவழி வகுப்பு நடக்கட்டும், தாராளமாக நடக்கட்டும்.

இவ்வாண்டு வகுப்புக்கு வரும் குழந்தைகள் பதினொருவர். அவர்களில் ஏழு பேர் நடந்து வருகிறவர்கள். பணிமனைக் கலாசி ஒருவரின் இரு பெண்கள், பாதைப் பணியாளரின் மகன், ஓய்வுபெற்ற ஓட்டுநரின் பேரக்குழந்தைகள். அவ்வீடுகளில் போன் ஒன்றே ஒன்று. அதுவும் தகப்பனார் வேலைக்குப் போகும்போது உடன் போய்விடும். பள்ளியில் அவர்கள் படிப்பது இந்தியோ வங்காளமோ. தங்கள் பெயரைத் தமிழில் எழுத அவர்களுக்குள்ள ஒரே இடம் அந்த அறை. காரில் வரக்கூடியவர்கள் ஆண்டு விழாவுக்கு வருகிறோம், பொங்கலுக்கு வருகிறோம், வடையை உண்டு வாழ்த்துகிறோம். நாங்களும் அவ்வகையைச் சேர்ந்தவர்களே. வாரந்தோறும் அக்கதவைத் திறக்க வைப்பவர்கள் அந்த ஏழு பேர்.

ஆகவே நாங்கள் ஒரு திருத்தம் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். சுவரை இடிக்க வேண்டாம். மண்டபத்தை வாரத்தில் ஆறு நாள் வாடகைக்கு விடலாம். சனிக்கிழமை பிற்பகல் மட்டும் எவ்வளவு பெரிய முகூர்த்தமானாலும் விடலாகாது. கூரைக்கு இவ்வாண்டு வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் தனி வசூல். முதல் ஆயிரத்தை இன்று காலையே செலுத்தி ரசீது பெற்றுவிட்டோம். ரசீது எழுதியே பழகிய எங்களுக்கு ரசீது வாங்குவது புதிய அனுபவம். விதிப்படி திருத்தத்தை வழிமொழிய ஒருவர் வேண்டும். இன்னும் எவரும் கையொப்பமிடவில்லை. தாள் எங்கள் சட்டைப் பையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. இரண்டாம் பந்தியில் பரிமாற நிற்போம், அங்கே எங்களைக் காணலாம்.